நீரிழிவும் உண்ணும் நெறியும்

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழாக் காலத்தில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலருக்குத் தோன்றக்கூடும். உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கருதும் மரபில் வந்தோருக்கு, உடம்பைப் பேணுவதும் வழிபாட்டின் ஒரு கூறே ஆகும். திருவள்ளுவர் தம் நூலின் 95ஆம் அதிகாரத்திற்கு 'மருந்து' எனப் பெயரிட்டார். ஆயின் அதிலுள்ள 10 குறட்பாக்களுள் பெரும்பாலானவை மூலிகையையோ மாத்திரையையோ பேசவில்லை. முன்னர் உண்டது செரித்ததா, பசி உண்டாயிற்றா, உண்ணும் அளவு யாது என்பனவற்றையே பேசுகின்றன. மருந்துக்கு முன் உணவைச் சீர்செய்க என்பது பெரியோர் காட்டிய வழி. நீரிழிவு என்னும் நோய்க்கு இவ்வழி பொருந்துவதுபோல் வேறெந்த நோய்க்கும் பொருந்துவதில்லை.

மக்கள் வழக்கில் 'இனிப்புநீர்' எனப்படும் இந்நோய் இன்று இந்நாட்டுத் தமிழர் இல்லந்தோறும் அறிந்த விருந்தாளியாகிவிட்டது. அழையாமல் வந்த இவ்விருந்தாளியை எவ்வாறு அடக்கி வைப்பது, உடல் எடையையும் உண்ணும் பழக்கத்தையும் எவ்வாறு திருத்திக்கொள்வது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

எண்கள் சொல்லும் செய்தி

மலேசிய சுகாதார அமைச்சு குறிப்பிட்ட ஆண்டுகளில் நாடு தழுவிய சுகாதார ஆய்வொன்றை நடத்தி வருகின்றது. 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் சீனருள் 15.1 விழுக்காடு, மலாய்க்காரருள் 22 விழுக்காடு, இந்தியருள் 31.4 விழுக்காடு. அதாவது வயது வந்த இந்தியர் மூவருள் ஒருவர் எனலாம். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் அதே ஆய்வின்படி, வயது வந்த மலேசியருள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவராய் இருந்தனர்.

அன்னதானப் பந்தியில் மூவர் அருகருகே அமர்ந்திருந்தால், அவருள் ஒருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்பதே இவ்வெண்களின் பொருள். அவ்வொருவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். ஏனெனில் நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் வரை வலி என்று ஒன்று இராது. தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் களைப்பும் வயதின் விளைவென்றே எண்ணப்படும். கண்ணின் உட்திரையும் சிறுநீரகமும் கால் நரம்பும் அதற்குள் பழுதுபடத் தொடங்கிவிடும். இந்நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சையைத் தொடங்குவோருள் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகம் இழந்தவர்களே. வாரத்திற்கு மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்படும் வாழ்க்கை அது. அந்நிலையை அடையாதிருக்கச் செய்ய வேண்டியவை பெரும்பாலும் அடுக்களையிலேயே இருக்கின்றன.

தோட்டத்து உழைப்பும் தோட்டத்து உண்கலமும்

இந்தியரிடையே இந்நோய் மிகுந்திருப்பதற்குக் காரணம் ஒன்றன்று. பரம்பரையும் ஒரு காரணமே. ஆயினும் மலாக்கா மாநிலத்துத் தமிழர் வரலாற்றை அறிந்தோர் மற்றொரு காரணத்தையும் எளிதில் உணர்வர்.

மலாயாவில் இரப்பரை வாணிக நோக்கோடு முதன்முதலாகப் பயிரிட்ட பெருமை இம்மாநிலத்திற்கு உரியது. மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் அதனை விரிவுபடுத்தினார். அதன்பின் இம்மாநிலத்தில் பெருகிய தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். பொழுது புலருமுன் பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களை நிரை நிரையாகச் சீவி, பால் எடுத்து, வாளிகளைச் சுமந்து கொட்டகை சேர்ப்பதற்குள் ஒரு தொழிலாளி மேடும் பள்ளமுமாகப் பல கல் தொலைவு நடந்திருப்பார். அவ்வுழைப்பிற்குச் சோறு வேண்டும், நிறையவே வேண்டும். தட்டு நிறையச் சோறும், லயத்தின் பின்புறத்துக் கீரையும், கருவாடும், இனிப்பிட்ட தேநீரும் அன்றைய உடம்புக்கு ஏற்றவையாகவே இருந்தன. உண்டது அனைத்தும் அன்றே எரிந்துவிடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில செம்பனைக்கு மாறின, சில வீடமைப்பு நிலங்களாயின. பிள்ளைகள் பாச்சாங், செங், பத்து பெரண்டாம், ஆயர் குரோ முதலிய இடங்களுக்கு வந்து தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் லாரியிலும் வேலை செய்தனர். இது முன்னேற்றமே, அதில் ஐயமில்லை. ஆயின் தந்தை நடந்த தொலைவு மகனுக்கு இல்லாமற்போயிற்று. தந்தையின் தட்டு மட்டும் மகனுக்கு மரபுரிமையாக வந்தது. அதோடு தோட்டத்துத் தந்தைக்கு எட்டாதிருந்த ரொட்டி சானாய், நாசி லெமாக், மீ கோரேங், பொரித்த கோழி, சுவைநீர்ப் புட்டி ஆகியனவும் சேர்ந்துகொண்டன. தட்டில் மிகுந்தது இடுப்பில் தங்குகின்றது. இதுவே சிக்கலின் வேர்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300 கலோரி சக்தி தருவது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதைச் செலவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். காலையில் இரண்டு ரொட்டி பசியாறிவிட்டு, மாலையில் அரை மணி நேரம் பூங்காவில் உலவினால் எடை ஏன் குறையவில்லை என்று வியப்பதற்கு இடமில்லை. நடை இன்றியமையாதது, ஆயின் தட்டைத் திருத்தாமல் நடை மட்டும் எடையைக் குறைக்காது.

மெலிந்தவரும் விலக்கல்லர்

"எனக்குத் தொந்தி இல்லை; எனவே எனக்கு நோய் வாராது" என்று கூறுவோர் உளர். இந்திய உடலமைப்பில் இவ்வாறு உறுதி கூறுவதற்கில்லை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினும் 2004இல் தங்கள் இருவரின் உடலளவையே எடுத்துக்காட்டாக வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடையைக் குறிக்கும் உடல் எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆயின் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. புறத்தோற்றத்தில் மெலிவு, அகத்தே கொழுப்பு என்னும் இந்நிலை தெற்காசியரிடம் பரவலாகக் காணப்படுகின்றது.

இதனாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் ஆசியருக்கெனத் தனி எச்சரிக்கை அளவைக் குறித்தது. மேலை நாட்டாருக்கு உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால்தான் மிகை எடை எனப்படும். ஆசியருக்கு 23இலேயே விழிப்பு வேண்டும். வீட்டில் எடைக்கருவி இல்லாதோர் தையற்காரர் அளவுநாடா ஒன்றால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பார்க்கலாம். இந்திய ஆடவருக்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிருக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. இதனைத் தாண்டியோர் வெறும் வயிற்றில் இரத்தச் சோதனை செய்துகொள்வது கடமையாகும். அச்சோதனையில் சர்க்கரை 7 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் மருத்துவர் மீண்டும் சோதித்து நோயை உறுதி செய்வார். பெற்றோருக்கு நோய் இருந்தாலோ, பேறுகாலத்தில் சர்க்கரை ஏறியிருந்தாலோ சோதனையைத் தள்ளிப்போடலாகாது.

எடை குறைந்தால் நேர்வது என்ன?

உண்ட மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றது. அதை உடலின் உயிரணுக்களுக்குள் புகவிடும் திறவுகோல் கணையம் சுரக்கும் இன்சுலின். வயிற்றுள்ளும் கல்லீரலிலும் கணையத்திலும் கொழுப்பு மண்டும்போது பூட்டு துருப்பிடிக்கின்றது, திறவுகோலும் குறைகின்றது. அக்கொழுப்பு கரைந்தால் பூட்டு மீண்டும் இளகும். எடைக் குறைப்பின் பயன் அழகுக்கன்று, இதற்கே.

அமெரிக்காவில் நோயின் விளிம்பில் நின்ற 3,234 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்திற்கு 150 நிமிடம் நடப்பதும் ஒரு பிரிவினருக்கு இலக்காகத் தரப்பட்டன. அவர்களிடம் நோய் தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை உண்ட பிரிவினரிடம் குறைந்தது 31 விழுக்காடே. எண்பது கிலோ எடையுள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோவைச் சற்றே தாண்டுவது. எட்டாத இலக்கன்று.

தமிழர்க்கு இன்னும் அணுக்கமான சான்று சென்னையில் உள்ளது. மருத்துவர் எம். விசுவநாதன் 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கெனவே மருத்துவமனை அமைத்தது முதல் அந்நகர் இந்நோய் ஆய்வில் சிறந்து வருகின்றது. அவ்வழியில் வந்த மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் விளிம்பில் இருந்த 531 இந்தியரை மூன்று ஆண்டுகள் கண்காணித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தோருள் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோருள் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. வியப்பு யாதெனில், திருத்திக்கொண்டோரின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆயினும் பயன் கிட்டிற்று. எனவே எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று மனம் தளர்ந்து முயற்சியைக் கைவிடுவோர், உள்ளே நன்மை நடந்துகொண்டிருப்பதை அறிதல் வேண்டும்.

நோய் வந்தோருக்கும் வழி உண்டு. பிரிட்டனில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்ட, இன்சுலின் ஊசி போடாதோர் மருத்துவர் மேற்பார்வையில் கடும் உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொண்டனர். ஓராண்டு முடிவில் அவருள் 46 விழுக்காட்டினருக்கு மருந்தின்றியே சர்க்கரை நோயற்ற அளவில் நின்றது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தோருள் 86 விழுக்காட்டினர் இந்நிலையை எய்தினர். இதனைத் தாமாகச் செய்யத் துணிதல் கூடாது. உணவு குறையும்போது மருந்தின் அளவையும் மருத்துவர் குறைத்தாக வேண்டும். மேலும், முயலாமலே எடை மளமளவென்று குறைந்தால் மகிழ்தல் கூடாது. சர்க்கரை கட்டுமீறியதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

தட்டைத் திருத்தும் முறை

முதலாவது, குடிப்பவை. இனிப்புக் கட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரையே. ஒரு கோப்பைத் தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டிப் பால் சேர்த்தால் இருபது கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே செல்கின்றது. நாளைக்கு மூன்று கோப்பை குடிப்பவர் ஓராண்டில் தேநீரின் வழியாகவே 20 கிலோவுக்கு மேல் சர்க்கரை உண்கின்றார். அரசாங்கம் 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்குத் தீர்வை விதித்தது. புட்டியில் வருவதற்கே அத்தீர்வை. கடையில் ஆற்றித் தரும் தேநீருக்குத் தீர்வை விதிக்க வேண்டியவர் குடிப்பவரே. 'கூராங் மானிஸ்' என்று தொடங்கி, சில வாரங்களில் 'தே ஓ கோசோங்' என்று சொல்லப் பழகினால் நாக்கு தானே பழகிவிடும்.

இரண்டாவது, பங்கீடு. சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்று பரப்பிவரும் முறை எளிதானது. தட்டில் கால் பங்கு சோறு அல்லது வேறு தானியம். கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு ஆகியவற்றுள் ஒன்று. மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். தமிழர் வாழையிலையில் சோறு நடுநாயகமாகவும் காய்கள் ஓரத்துத் தொடுகறியாகவும் இருக்கின்றன. இதனைத் தலைகீழாக்குதலே திருத்தம். கீரை, வெண்டை, பாகல், புடலை, முருங்கை, நீண்ட பயற்றங்காய் என இம்மண்ணில் விளையும் மலிவான காய்களே இதற்குப் போதும்.

மூன்றாவது, வரிசை. நியூயார்க்கில் நீரிழிவாளர் பதினொருவரைக் கொண்டு நடத்திய சிறு ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. காய்கறியையும் புரத உணவையும் முதலில் உண்டு மாவுணவைப் பின்னர் உண்டபோது, ஒரு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. உணவு ஒன்றே, வரிசை மட்டுமே மாறியது. கூட்டையும் பொரியலையும் முதலில் உண்டுவிட்டுச் சோற்றில் கை வைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

நான்காவது, சில தவறான எண்ணங்கள். குலா மெலாக்காவும் வெல்லமும் தேனும் இயற்கையானவை, எனவே கெடுதல் செய்யா என்று பலர் நம்புகின்றனர். மலாக்காவின் பெயரைத் தாங்கிய அப்பனைவெல்லம் சுவையில் சிறந்ததே. இரத்தத்திற்கோ அதுவும் சர்க்கரையே. இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்தி உண்பது நன்று என்பர். சப்பாத்தியும் மாவுச்சத்தே, ஐந்து சப்பாத்தி உண்டால் சோற்றை விட்டதற்குப் பயனில்லை. டுரியான் காலத்தில் ஒன்றிரண்டு சுளையோடு நிறுத்துவது அறிவுடைமை. வெந்தயமும் பாகற்காயும் உணவாகக் கொள்ளத்தக்கவை. அவற்றை நம்பி மாத்திரையையும் ஊசியையும் நிறுத்தியோர் உயிருக்கே ஊறு தேடிக்கொண்டோர் ஆவர்.

ஐந்தாவது, இல்லத்தரசிகளின் நிலை. அனைவரும் உண்ட பின் கடைசியில் உண்பதும், மீந்ததை வீணாக்கலாகாது என்று தம் வயிற்றில் போட்டுக்கொள்வதும் தாய்மார் வழக்கம். மிச்சத்தைக் காத்தவர் தம்மைக் காக்கவில்லை. அளந்து சமைப்பதும் மீந்ததைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதும் இதற்குத் தீர்வு. குடும்பத்தில் ஒருவருக்கு நோயென்றால் அவருக்கு மட்டும் தனிக் குழம்பு, தனித் தட்டு என்று ஒதுக்குதலும் தவறு. அவர்க்கு ஏற்ற உணவு அனைவர்க்கும் நல்லுணவே. வீடு முழுவதும் மாறினாலன்றி ஒருவர் மாறுதல் அரிது.

ஆறாவது, இரவு வேலை. தொழிற்சாலையில் இரவு வேலை செய்வோர் நள்ளிரவில் ஒரு முழுச் சாப்பாடும் விடியலில் மற்றொன்றும் உண்டு உறங்கச் செல்கின்றனர். வேலைக்குச் செல்லுமுன் முறையான உணவை முடித்து, இடையில் அவித்த கடலையோ முட்டையோ சிறிதளவு கொண்டு, திரும்பியதும் இலேசாக உண்பது நன்று.

விரதமும் மருந்தும்

கந்த சஷ்டியின் ஆறு நாள்கள், தைப்பூசம், புரட்டாசிச் சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை என விரத நாள்கள் பல. விரதம் எடைக்கு நன்மை செய்யலாம். மருந்துண்போருக்குத் தீங்கும் செய்யலாம். இன்சுலின் போட்டுக்கொள்வோரும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை உண்போரும் உணவின்றி அதே அளவு மருந்தை எடுத்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறிய பேச்சு, இறுதியில் மயக்கம் என அது வளரும். சன்னதியில் ஒருவர் இவ்வாறு தள்ளாடினால் அருள் வந்தது என்று எண்ணி நின்றுவிடுதல் கூடாது. அவருக்கு நீரிழிவு உண்டா என உடனே கேட்டறிதல் வேண்டும். நினைவு இருப்பின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருப்பின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

நோன்பு மாதத்திற்கு முன்னரே முஸ்லிம் நோயாளிகள் மருத்துவரைக் கண்டு மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்கின்றனர். இந்து அடியாரோ விரதத்தைச் சொல்லத் தயங்கி, மருந்தைத் தாமே நிறுத்திவிடுகின்றனர். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் அரசாங்க கிளினிக்கில் மருத்துவம் கிட்டும் நாடு இது. விரதத்திற்கு இரு வாரங்களுக்கு முன் சென்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கருவுற்றோர், சிறுநீரகம் பழுதுற்றோர், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கியோர் ஆகியோர் பட்டினி விரதத்தை விடுத்து மௌனம், நாம செபம், தொண்டு ஆகியவற்றால் நோன்பு நோற்கலாம். இறைவன் ஏற்பது அன்பையே.

சைவ உணவு உண்ணும் நாள்களிலும் ஒரு விழிப்பு வேண்டும். புலால் நீங்கிய இடத்தை அப்பளமும் வடையும் பாயசமும் கூடுதற் சோறும் நிரப்பினால், அவ்விரதம் மனத்திற்கு நன்மையாகலாம், இரத்தத்திற்கு ஆகாது.

அடியாரின் பாதங்கள்

நீரிழிவு நரம்பைத் தாக்கும்போது பாதம் உணர்ச்சியிழக்கின்றது. முள் தைத்தாலும் தார்ச்சாலை சுட்டாலும் வலி தெரியாது. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்குக் காவடியும் பால்குடமும் ஏந்தி வெறுங்காலோடு நடக்கும் அடியாருள் பலர் நடுத்தர வயதினர். நண்பகல் வெயிலில் கொப்புளம் எழுந்ததை மறுநாள் ஈரக் காலுறையைக் கண்டே அறிவோரும் உண்டு. அக்கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, விரலும் காலும் இழக்க நேர்தல் மருத்துவர் நாள்தோறும் காணும் துயரம்.

பாதத்தில் மரப்பு உள்ளோர் விடியுமுன் நேர்த்திக்கடனை முடித்தல் நன்று. வெறுங்காலோடு நெடுந்தொலைவு நடத்தலும் தீமிதித்தலும் அவர்க்கு ஆகா. வழிநெடுகக் காலணியோடு வந்து வாயிலில் கழற்றி, சன்னதியில் தூய பருத்திக் காலுறை அணிந்து நிற்பதை எவரும் குறையாகக் கருதலாகாது. இல்லம் திரும்பியதும் கால்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் உள்ளங்காலையும் கண்ணாடி வைத்துப் பார்த்தல் வேண்டும். உடல் எடை குறையக் குறையப் பாதத்தின் மீதுள்ள சுமையும் குறையும் என்பது நினைவிற்குரியது.

அன்னதானத்திலிருந்தே தொடங்குக

இந்நோய் ஒருவரின் மனவுறுதிக்கு மட்டும் விடப்பட்டால் வெல்லப்படாது. "இன்னும் ஒரு கரண்டி" என்று அன்பால் திணிப்பதும், வேண்டாம் என்றால் வருந்துவதும் தமிழர் விருந்தோம்பலின் ஒரு பகுதியாகிவிட்டன. ஒருவர் தம் வீட்டில் கட்டுப்பாடாக இருந்தாலும் திருமணத்திலும் கருமாதியிலும் கோயிற் பந்தியிலும் அக்கட்டுப்பாடு உடைகின்றது. எனவே சமுதாயம் கூடியுண்ணும் இடத்திலேயே மாற்றம் தொடங்குதல் வேண்டும். அவ்விடம் ஆலயத்தின் அன்னதானக் கூடமே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பந்தியில் முதலில் கூட்டும் பொரியலும் பருப்பும் பரிமாறி, சில நிமிடம் கழித்துச் சோற்றைப் பரிமாறலாம். முதற்கரண்டிச் சோற்றைச் சிறிதாக்கி, வேண்டுவோர் கேட்டுப் பெறச் செய்யலாம். பாயசத்தைச் சிறு கிண்ணத்தில், விரும்புவோர்க்கு மட்டும் வழங்கலாம். சர்க்கரைப் பொங்கலோடு சுண்டலையும் நாள்தோறும் பிரசாதமாக்கலாம். கடலையிலும் பயற்றிலும் புரதமும் நார்ச்சத்தும் உள்ளன. நவராத்திரியில் அவற்றைப் படைத்த முன்னோர் இந்நோயை எண்ணிப் படைக்கவில்லை எனினும், பயன் இன்றும் உண்டு. சாயச் சுவைநீருக்கு மாற்றாகச் சீரகநீரோ உப்பிட்ட மோரோ வைக்கலாம். திருவிழாவின்போது ஒரு மேசையில் இடுப்பளவும் இரத்தச் சர்க்கரையும் பார்க்க உறுப்பினருள் உள்ள தாதியர் தொண்டு செய்யலாம்.

பிரசாதம் அளவால் பெரிதாவதன்று. விரல் நுனியளவு எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயிலிட்டாலும் அது முழுப் பிரசாதமே. அவ்வாறு எடுப்பவரை மறுமுறை வற்புறுத்தாதிருத்தலே அவருக்குச் செய்யும் அன்பு.

மெய்யன்பர்களே! காடாயிருந்த மண்ணைத் தோட்டமாக்கிய முன்னோர், வருந்தி உழைத்து வயிறார உண்டனர். அவர் உழைப்பின் பயனாகவே பிள்ளைகள் படித்தனர், வீடு கட்டினர், கோயிலைக் கல்லால் எழுப்பினர். அப்பிள்ளைகள் ஐம்பது வயதில் பார்வை மங்கியும் காலிழந்தும் சன்னதிக்கு வர இயலாது வீட்டில் கிடத்தல் முன்னோர் விரும்பியதன்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இலையின் முன் அமரும்போது நினைவுக்கு வரட்டும். இன்றைய பந்தியில் ஒரு கரண்டிச் சோறு குறைந்து ஒரு கரண்டிக் கீரை கூடட்டும். இவ்வாண்டு தேர்வடம் பிடித்த கைகள் அனைத்தும் பல்லாண்டு வடம் பிடிக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக!